துவைக்க வந்த காக்கி

அண்ணி,

காலையிலிருந்து வீடு முழுக்கக் கஞ்சி வாசனை. பேரனுடைய பட்டாள உடுப்புக்கு நானே அரிசி வடித்துக் கஞ்சி எடுத்தேன். இந்த ஊர் தனி நாடாகி, பிள்ளைகள் பதினெட்டு வயதில் நேஷனல் சர்வீஸ் என்று கட்டாயமாகப் பட்டாளத்துக்குப் போக வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. நம் வீட்டிலிருந்து முதலில் போகிறவன் என் பேரன். "பாட்டி, விடுங்க லா, கடையில மாவு டப்பா விக்குது, தண்ணியில கலக்கினா போதும்" என்றான். டோபி வீட்டுப் பெண் இருக்கிற வீட்டில் டப்பா மாவா என்று விரட்டிவிட்டு, சட்டைக் கையில் விரலை வெட்டுகிற மாதிரி மடிப்பு எடுத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றான். எனக்குப் பெருமைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவன் பஸ் ஏறிப் போன பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடந்தேன். கடைசியில் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து இது. நீங்கள் இருந்தபோதும் எழுத்தைப் படித்ததில்லை. நான் படிப்பேன், நீங்கள் துணி மடித்துக்கொண்டே கேட்பீர்கள். அதனால் இதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் எழுதுகிறேன்.

பேரனுடைய பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். கவர்னர் துரைமார், கப்பல் முதலாளிமார், ரப்பர் பால் எடுக்கச் சொல்லிக்கொடுத்தவர் என்று பெரிய பெரிய ஆட்கள் மீசையோடு இருக்கிறார்கள். 1915-ல் நடந்த பட்டாளக் கலகத்துக்கு ஒரே ஒரு பத்தி. அந்தப் பத்தியில் நீங்கள் இல்லை. அந்தக் காக்கிச் சட்டையும் இல்லை.

அப்போது நமக்குச் சிராங்கூன் சாலைக்குப் பின்புறம், கால்வாயை ஒட்டி வீடு. வீட்டைவிடத் துணி காயப்போடுகிற திடல்தான் பெரிது. நீங்கள் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டுக் கப்பலில் வந்து இறங்கிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்று வெள்ளாவிப் பானைக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தேன். நான் படித்தவள் என்பதால் என்னை நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏ வாத்தியாரம்மா, அடுப்பு அணையுது, பாடம் அப்புறம் நடத்து" என்பீர்கள்.

நம் தொழிலில் ஒரு பழக்கம் இருந்தது. வெளியில் சொல்லமாட்டோம், ஆனால் ஊருக்கே தெரியும். துவைக்க வந்த துணியில் நல்லதாக ஒன்றை எடுத்து, நல்லநாள் பெரியநாளில் ஒரு பொழுது உடுத்திக்கொள்வோம். அண்ணன் தன் கல்யாணத்துக்கே ஒரு குமாஸ்தாவின் கோட்டில்தான் நின்றார். அதற்கும் கட்டுப்பாடு உண்டு. அந்தத் துணியோடு வெற்றிலை போடக்கூடாது. துணிக்குச் சொந்தக்காரர் இருக்கிற தெருப்பக்கம் போகக்கூடாது. திரும்பி வந்ததும் மறுபடி துவைத்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, உயிரே போனாலும் துணி தொலையக்கூடாது. துணி தொலைத்த டோபிக்கு அப்புறம் யார் வீட்டிலும் மூட்டை விழாது.

அந்த வருஷம் வடக்கத்திப் பட்டாளத்தின் டோபிக்கு உடம்பு சரியில்லை என்று கொஞ்சம் துணி நம்மிடம் வந்தது. ஒரு சிப்பாய்ப் பையன் கொண்டுவந்து போடுவான். மீசை அப்போதுதான் கருத்திருந்தது. தமிழ் ஒரு சொல் தெரியாது. மூட்டையை வீசிவிட்டுப் போகிற ஆள் இல்லை, இரண்டு கையாலும் இறக்கி வைப்பான். ஒருநாள் நீங்களும் நானும் பட்டாளக் கம்பளியைப் பிழிய முடியாமல் தள்ளாடியதைப் பார்த்து, என் கையிலிருந்த முனையை வாங்கி முறுக்கினான். நீங்கள் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். தண்ணீர் அவன் பூட்சுக்குள் இறங்கிவிட்டது. சிரித்துக்கொண்டே உங்களை ஏதோ சொல்லிக் கூப்பிட்டான். பிற்பாடு அந்தப் பாஷை தெரிந்த பக்கத்து மாட்டுக்கொட்டகைக்கார பாயிடம் கேட்டோம். அக்கா என்று அர்த்தமாம். "பாத்தியா வாத்தியாரம்மா, தமிழ் தெரியாதவன்கூட மரியாதையா கூப்பிடறான்" என்று எனக்கு ஒரு குத்து.

சீனப் பெருநாளின் இரண்டாம் நாள். தெருவெல்லாம் பட்டாசுக் காகிதம் சிவப்பாக இறைந்து கிடந்தது. தஞ்சோங் பகார் துறைமுகத்துக் கூலி லைன் வீட்டில் இருந்த கூட்டாளியைப் பார்க்கப் போகிறேன் என்று அண்ணன் கிளம்பினார். கொடியில் அந்தச் சிப்பாயின் காக்கி காய்ந்து மொடமொடவென்று நின்றது. "இதைப் போடட்டுமா?" என்றார். அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. பித்தளைப் பொத்தானை நீங்களே ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டீர்கள்.

"அடேயப்பா, ஜெனரல் தொரை! தொப்பி ஒண்ணுதான் குறைச்சல்" என்றீர்கள்.

"பட்டாளத்து லைன் அந்தப் பக்கம், நான் போறது துறைமுகத்துப் பக்கம். பயமில்ல" என்று அண்ணன் தோளைக் குலுக்கிக்கொண்டு போனார்.

மத்தியானம் தாண்டித் தூரத்தில் வெடிச்சத்தம். பட்டாசு என்றுதான் நினைத்தோம். பொழுது சாயும்போது மாட்டுக்கொட்டகைக்கார பாய் மூச்சிரைக்க ஓடிவந்தார். "கதவச் சாத்துங்கம்மா! வடக்கத்திப் பட்டாளம் தொரைமாரச் சுட்டுட்டாங்களாம். இப்ப வெள்ளக்காரன் துப்பாக்கியத் தூக்கிட்டுத் தெருத்தெருவா வர்றான். காக்கியக் கண்டா கேள்வியே கேக்கலையாம்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நீங்கள் திடலுக்கு ஓடிக் கொடியில் அந்தக் காக்கி தொங்கிய இடத்தைப் பார்த்தீர்கள். அங்கே இல்லை என்று தெரிந்தும் பார்த்தீர்கள். பிறகு உங்கள் வலதுகை விரல்களைப் பார்த்துக்கொண்டீர்கள். பொத்தான் போட்ட விரல்கள்.

அண்ணன் அன்றைக்கு வரவில்லை.

விடிந்ததும் நீங்கள் மூட்டை கட்டினீர்கள். நாலைந்து படுக்கை விரிப்பு, அண்ணனுடைய பழைய கைலி, ஒரு பனியன், ஒரு சோப்புக் கட்டி. அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். "பொட்டச்சி ரெண்டு பேரு துப்பாக்கிக்கு நடுவுல போறதாடி? அவன் தலையெழுத்துப்படி வரட்டும்."

"நான் பொத்தான் போட்டு அனுப்பினேன் அத்தை. நான்தான் கழட்டணும்" என்று மூட்டையைத் தலையில் ஏற்றினீர்கள். என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். "ஏ வாத்தியாரம்மா, அஞ்சாங்கிளாஸ் இங்கிலீசு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வா. இன்னைக்கு வேலை இருக்கு."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் பள்ளிக்கூடத்தில் மிஸ்ஸம்மா முன்னால் ஒப்பித்ததுதான். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளாமல் எனக்கு ஒரு சொல் வராது. அதையே மனசுக்குள் சொல்லிக்கொண்டு உங்கள் பின்னால் வந்தேன். கடைகள் அடைத்திருந்தன. ரிக்‌ஷாக்காரர் ஒருவரும் இல்லை. ஆற்றுப் பாலத்தில் வெள்ளை உடுப்புக் கப்பற்படைக்காரர்கள் துப்பாக்கிமுனையில் கத்தி செருகி நின்றார்கள். ஊருக்குள் வருகிறவர்களைத்தான் சோதித்தார்கள், போகிறவர்களை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. அழுக்குத்துணி மூட்டையை யார் நிமிர்ந்து பார்க்கிறார்கள்? விட்டுவிட்டார்கள். மாரியம்மன் கோயிலைத் தாண்டும்போதுகூட நீங்கள் நிற்கவில்லை, தலைச்சுமையோடு ஒரு கும்பிடு.

கூலி லைனில் கதவைச் சாத்தித் தாழ் போட்டிருந்தார்கள். அண்ணன் பெயரைச் சொன்னதும் திறந்தார், அங்கிருந்த கூலிகளுக்குத் தலைவரான தண்டல். எங்களை உள்ளே இழுத்து மறுபடி தாழ் போட்டார்.

"தங்கச்சி, இந்தாளக் கூட்டிட்டுப் போயிடு. இல்லாட்டி நானே வெளிய தள்ளிடுவேன். இந்தக் காக்கி இங்க கெடந்தா எங்க அத்தன பேரையும் செவுத்துல சாத்திடுவான். கழட்டிக் கடல்ல வீசுடான்னா மாட்டேங்கறான்!"

அண்ணன் மூலையில் அந்தச் சட்டையோடேயே உட்கார்ந்திருந்தார். கழற்றிக் கொடுத்தால் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள் என்று பொழுதுக்கும் கழற்றவில்லையாம். "அடுத்தவன் துணி அண்ணே. துவைக்கக் குடுத்தவன் வந்து நின்னா நான் என்ன சொல்லுவேன்?"

"உசுரு இருந்தாத்தானடா சொல்லுவ!" என்றார் தண்டல்.

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். நீங்கள் மூட்டையை இறக்கி வைத்தீர்கள்.

"கழட்டுங்க."

"கடல்ல போடறதுன்னா கழட்டமாட்டேன்."

"யாரு போடச் சொன்னா? வேர்வையும் தூசியுமா எப்படி ஆக்கி வச்சிருக்கீங்க. துவைக்க வேணாமா?"

அண்ணன் சின்னப்பிள்ளை மாதிரி கழற்றிக் கொடுத்தார். நீங்கள் லைன் குழாயடியில் வாளி வாங்கி, சட்டையையும் கால்சட்டையையும் முக்கி, சோப்புப் போட்டு நுரையோடு விரிப்புகளுக்கு நடுவில் சுருட்டினீர்கள். தண்டல் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். "ஏம்மா, அதத் தூக்கிக்கிட்டா அவன் முன்னாடி போகப்போற?"

"உடம்புல இருந்தாத்தான் அண்ணே அது பட்டாளம். தண்ணியில இருந்தா துணி."

இதை நான் எத்தனையோ தடவை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதைச் சொல்லிவிட்டு, மூட்டையின் முடிச்சையே நீங்கள் மறுபடி மறுபடி அவிழ்த்துக் கட்டியதைச் சொன்னதில்லை.

திரும்பும்போது மூட்டை அண்ணன் தலையில். கைலி, பனியன். நீங்கள் முன்னால், நான் பின்னால். பாலத்தில் இந்தத் தடவை விடவில்லை. ஊருக்குள் வருகிறவர்களை ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். ஒருவன் மூட்டையைத் துப்பாக்கிக் கத்தியால் கிளறினான். காக்கிக் கை ஒன்று நுரையோடு வெளியே விழுந்தது.

என்ன கூச்சல்! அண்ணனைப் பாலத்துச் சுவரோரம் தள்ளிக் கையைத் தூக்கச் சொன்னார்கள். வெள்ளை உடுப்பில் ஒரு அதிகாரி வந்தார். ஈரச்சட்டையை இரண்டு விரலால் எடுத்து அண்ணன் தோளோடு பொருத்திப் பார்த்தார். பொருந்தியது, பாழாய்ப்போனது. முன்பு போலவே அளவெடுத்துத் தைத்த மாதிரி.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "குட் மார்னிங் சார். வீ ஆர் டோபி, சார். திஸ் இஸ் மை பிரதர், சார்." அவ்வளவுதான், அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. அதிகாரி என் பக்கம் திரும்பவே இல்லை. பக்கத்தில் நின்றவன் துப்பாக்கியில் என்னவோ தட்டினான். அந்தச் சத்தம் கேட்டது.

அப்போதுதான் நீங்கள் போனீர்கள் அண்ணி. அதிகாரி கையிலிருந்து சட்டையை வெடுக்கென்று பறித்தீர்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பாலத்தின் கைப்பிடிச் சுவரே துவைகல் என்கிற மாதிரி, தலைக்குமேல் தூக்கி ஓங்கி அடித்தீர்கள். ஹ்ஹுஸ்! ஹ்ஹுஸ்! நாம் துவைக்கும்போது மூச்சு விடுகிற அதே சத்தம். நுரை நாலாபக்கமும் தெறித்தது, அதிகாரியின் வெள்ளைக் கையிலும் தெறித்தது. அவர் பின்வாங்கினார். நீங்கள் அடிப்பதை நிறுத்தி அவருடைய சட்டைக் கையையே முறைத்துப் பார்த்தீர்கள்.

"ஏ வாத்தியாரம்மா, கேளு இவரை. இந்த வெள்ளைய எவன் துவைச்சான்? நீலம் திட்டுத்திட்டா நிக்குது பாரு. துட்டு வாங்கிட்டு இப்படியா துவைப்பான்? சொல்லுடி!"

உயிர் போகிற நேரத்தில் என்ன பேச்சு இது என்று நினைத்தேன். ஆனாலும் சொன்னேன். "சார், யுவர் ஷர்ட்... பேட் வாஷிங், சார்."

துப்பாக்கி பிடித்திருந்தவன்தான் முதலில் சிரித்தான். அப்புறம் அடுத்தவன். அதிகாரி தன் கையைத் திருப்பிப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. உங்களை ஒருமுறை, சுவரோரம் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற அண்ணனை ஒருமுறை பார்த்தார். பிறகு ஈயை விரட்டுகிற மாதிரி கையை வீசினார். போ என்று.

நீங்கள் அவசரப்படவே இல்லை. சட்டையைப் பிழிந்து, மூட்டையில் வைத்து, அண்ணன் தலையில் ஏற்றினீர்கள். "நேரா நடங்க. திரும்பிப் பாக்காதீங்க. கால வேகமா வைக்காதீங்க." சிராங்கூன் சாலை வந்த பிறகுதான் ஒரு கடை ஓரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தீர்கள்.

நம் வீட்டில் இந்தக் கதை இங்கே முடியும். கல்யாணமோ காதுகுத்தோ, நாலு பேர் சேர்ந்தால் யாராவது ஒரு பிள்ளை துண்டை எடுத்து ஹ்ஹுஸ் என்று சுவரில் அடிக்கும். இன்னொன்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு "பேட் வாஷிங், சார்" என்னும். அண்ணன் இருந்தவரைக்கும் அவரே கையைத் தூக்கிக்கொண்டு நின்று காட்டுவார். நீங்கள் மட்டும் அந்த நேரத்தில் காப்பி கலக்கப் போய்விடுவீர்கள். ஏன் என்று எனக்குத்தான் தெரியும்.

அந்த உடுப்பைத் திரும்பவும் துவைத்தீர்கள். கஞ்சி போட்டீர்கள். தேய்த்து மடித்து வைத்தீர்கள். கலகம் அடங்கியது. இந்திய ஆட்கள் எல்லோரும் போலீசில் போய்ப் பதிந்து பாஸ் வாங்க வேண்டும் என்றார்கள், அண்ணனும் வாங்கினார். சிறைச்சாலை மதிலுக்கு வெளியே சிப்பாய்களை நிறுத்திச் சுடுகிறார்கள் என்று ஊரே வேடிக்கை பார்க்கப் போனது. நம் வீட்டிலிருந்து யாரும் போகக்கூடாது என்று வாசலில் குறுக்கே நின்றீர்கள். அந்தப் பையன் மட்டும் துணி வாங்க வரவில்லை.

அண்ணன் சொன்னார், "அடுப்புல போட்டுடு. வீட்டுல இருந்தா ஆபத்து."

"கடல்ல போடமாட்டேன்னு உட்கார்ந்திருந்தது யாரு?"

"அப்ப அவன் வருவான்னு நெனச்சேன். இப்ப தெரிஞ்சுபோச்சில்ல. அவனும் சுட்டிருப்பான் புள்ள. வெள்ளக்காரப் பொம்பளையெல்லாம் செத்திருக்காங்க."

"சுட்டிருக்கலாம். எனக்குத் தெரியாது. துணி சுத்தமாயிடுச்சு. இதுக்கு மேல வச்சுக்கிட நமக்கு உரிமை இல்ல."

மாட்டு வண்டி பிடித்து நீங்களும் நானும் சிப்பாய்கள் குடியிருந்த பட்டாளத்து லைனுக்குப் போனோம். காவலுக்கு ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய். அவனும் சின்னவன்தான், வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. உடுப்பைக் காட்டி, துவைத்துக் கொண்டுவந்திருக்கிறோம் என்று எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். யாருடையது என்று கேட்டான். பெயர் நமக்குத் தெரியாது. அவன் தோளைக் குலுக்கிவிட்டு வராந்தாவைக் கையால் காட்டினான்.

அங்கே காக்கி குவிந்து கிடந்தது. சேறும் கறையுமாக, கையும் காலும் பின்னிக்கொண்டு, வெள்ளாவிக்கு முன்னால் நம் வீட்டில் கிடக்கிற மாதிரிதான் கிடந்தது. ஆனால் இதை யாரும் துவைக்கப்போவதில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. குவியலில் வைக்க உங்களுக்கு மனசு வரவில்லை. கொஞ்சம் தள்ளிப் படிக்கட்டை முந்தானையால் துடைத்து, மடிப்புக் கலையாமல் தனியாக வைத்தீர்கள். இரண்டு கையாலும் வைத்தீர்கள்.

வண்டியில் திரும்பினோம். பாதி வழியில் என்னைப் பார்க்காமல் கேட்டீர்கள்:

"உங்க அண்ணன் சட்டையக் கழட்டிப் போட்டுட்டு வந்துட்டாரு. அந்தப் புள்ள எதைக் கழட்டிப் போட்டுட்டு வரும்?"

அதற்குப் பதில் எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. அதன் பிறகு நாம் இரண்டு பேரும் அதைப் பேசியதே இல்லை. ஆனால் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று நிறுத்துவீர்கள், நானும் நிறுத்துவேன். எதை நினைத்தோம் என்று கேட்டுக்கொள்ளவே வேண்டாம்.

உங்கள் காரியத்தன்று வீடு நிறைய ஆட்கள். அழுது முடித்து, சாப்பிட்டு, வழக்கம்போல உங்கள் பாலத்துக் கதைக்கு வந்தார்கள். அடித்துக்காட்டினார்கள், சிரித்தார்கள். உங்களுக்குச் செய்த மரியாதையிலேயே அதுதான் பெரிது என்று நானும் நெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அப்போது பேத்திகளில் கடைக்குட்டி, வாயில் லட்டோடு கேட்டாள், "அந்தச் சட்ட யாரோடது?"

"யாரோ சோல்ஜரோடது லா" என்று ஒருவன் சொல்லிவிட்டு, மறுபடி துண்டை ஓங்கினான்.

நான் எழுந்து காப்பி கலக்கப் போய்விட்டேன், அண்ணி. அடுப்படியில் நின்றபோதுதான் உறைத்தது. அவன் பெயர் நமக்குத் தெரியாது. ஊர் தெரியாது. சுட்டானா, சுடப்பட்டானா, எதுவும் தெரியாது. தெரிந்தது முகம் ஒன்றுதான். அது உங்களிடம் பாதியும் என்னிடம் பாதியுமாக இத்தனை காலம் இருந்தது. இப்போது முழுசாக என்னிடம் இருக்கிறது. எனக்கும் வயதாகிவிட்டது. காலையில் பேரனைக் காக்கியில் பார்த்ததும், இதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல்தான் வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தேன்.